ஒரு நம்பரில் இரண்டு பேர்

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காகப் போன மாதம் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் எந்த இழுப்பறையில் எது இருக்கிறது என்று தெரிந்தவள் நான்தான் என்பதால் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

மேசைமேல் ஒரு பெரிய தாளை விரித்து வைத்திருந்தார்கள். அதில் கட்டம் கட்டமாக வரைந்திருந்தது. ஒரு கட்டத்தில் தொழிலாளி, இன்னொன்றில் வீடு, இன்னொன்றில் நோயும் மருந்தும். கட்டங்களுக்கு நடுவே கோடுகள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் அட்டையிலும் நோட்டிலும் செய்ததைத்தான் அவர்கள் மெஷினில் செய்யப்போகிறார்கள்.

"அக்கா, ஆள் ஆளுக்கு ஒரு கீ வேணும், ஆளைக் கண்டுபிடிக்கற நம்பர். செக்ரோல் நம்பரையே வச்சிடலாம்னு இருக்கோம். இங்க எல்லாருக்கும் அது மனப்பாடமா இருக்கு. சரிதானே?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

செக்ரோல் என்பது தொழிலாளிகளின் ஆஜர் பட்டியல். அதில் உள்ள நம்பரைச் சொன்னால் போதும், எங்கள் மலையில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன் அக்கா?"

நான்கு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராது. "வேண்டாம்மா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெண் மரியாதைக்குச் சிரித்தாள். பழைய ஆளின் பிடிவாதம் என்று நினைத்திருப்பாள். வாயால் சொல்ல முடியாததை எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாவது படித்தவள். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு எழுத்து வேலைக்கு ஆள் தேடியபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். முதல் வருடம் முழுவதும் இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுப்பதும் திரும்பச் சொருகுவதும்தான் வேலை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்கு மேலே தேவசகாயம் சார் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். மலைக்குளிரிலும் வெள்ளை வேட்டி, அதற்கு மேலே கம்பளிக் கோட்டு. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் எழுதிய அட்டையில் பிழை இருந்தால் அதைக் கொண்டுவந்து நம் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். நாமே தேட வேண்டும். ஒரு தடவை அரை நாள் தேடியும் கிடைக்காமல் அவர் முன்னால் போய் நின்றேன். "தேதி போட்டே, யாரு எழுதினான்னு ஒப்பு போட்டியா?" என்றார். அன்றிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் என் ஒப்பு, அதாவது சின்னக் கையெழுத்து, இருக்கும். கம்ப்யூட்டரிலும் அதற்கு ஓர் இடம் வையுங்கள். யார், எப்போது மாற்றினார் என்று தெரியாத வரியை நம்ப முடியாது.

வீட்டு நம்பர் விஷயம் ஒன்று. நான் சேர்ந்த காலத்தில் ஒரு குடும்பம் எந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வீடுகளின் எந்த வரிசையில், இருக்கிறது என்பதை மூன்று இடத்தில் எழுதி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரி அட்டையில், தடுப்பூசி நோட்டில், காசநோய் மருந்து நோட்டில். காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் குடும்பம் நாலாம் லயத்திலிருந்து ஒன்பதாம் லயத்துக்கு மாறியது. அட்டையில் மாற்றினேன், தடுப்பூசி நோட்டில் மாற்றினேன். மூன்றாவதை மறந்துவிட்டேன். மருந்து கொண்டுபோகும் ஆயா மூன்று வாரமும் நாலாம் லயத்துக்குப் போய், பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்த மனிதர் மறுபடி இருமிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

சார் அன்றைக்கு அட்டையைக் கவிழ்க்கவில்லை. உட்காரச் சொன்னார். "லில்லி, மூணு எடத்துல எழுதினா மூணையும் மாத்தணும். நீ மாத்துவியா? மாத்தமாட்டே. நானும் மாத்தமாட்டேன். அதனால ஒரு எடத்துல மட்டும் எழுது."

அப்புறம் வீட்டுக்கு என்று தனி நோட்டு போட்டோம். எந்த நம்பர் குடும்பம் எந்த வீட்டில் என்பது அதில் மட்டும்தான் இருக்கும். மருந்து நோட்டில் குடும்பத்தின் நம்பர் மட்டும். வீடு வேண்டுமானால் நம்பரை வைத்துக்கொண்டு வீட்டு நோட்டைத் திறக்க வேண்டும். இரண்டு நோட்டைத் திறப்பது சிரமம் என்று ஆயா முணுமுணுத்தார். ஆனால் அதற்குப் பிறகு யாரும் பூட்டின கதவுக்கு மருந்து கொண்டுபோகவில்லை. நீங்கள் வரைந்த கோடுகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. அதுவரை உங்கள் தாள் சரி.

நகல் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மழைக்காலத்தில் கூரைத் தகரம் பறந்து, இரண்டு இழுப்பறைகள் நனைந்து அட்டைகள் கூழாகிவிட்டன. ஃபேக்டரி ஆபீசில் நகல் இருக்கிறது என்று தைரியமாகப் போனோம். இருந்தது. ஆனால் அந்த இரண்டு இழுப்பறைகளுக்கு மட்டும் யாரும் நகல் எழுதவே இல்லை. நகல் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதை அவ்வப்போது திறந்து, அதிலிருந்து ஓர் அட்டையைத் திரும்ப எழுதிப் பாருங்கள்.

இனி அந்தக் கீ விஷயம்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா வேலையிலிருந்து நின்றால் அவளுடைய நம்பர் மகளுக்கு வரும். ஆபீசுக்கு அது சௌகரியம், பட்டியலின் வரிசை கலையாது. வீட்டாருக்கு அதைவிடச் சௌகரியம். நம்பர் இருந்தால்தான் லயத்து வீடு இருக்கும். நம்பர் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் பயம். அதனால் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "எங்க நம்பரையே போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். மகள் முதல் நாள் கொழுந்து பறிக்கப் போவதற்கு முன் அம்மா தன் கூடையை அவள் தலையில் மாட்டிவிடுவாள். சில வீடுகளில் அன்றைக்கு ஆட்டுக்கறிகூட எடுப்பார்கள்.

ஞானம்மாளும் அப்படித்தான் மகள் ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் நம்பர் 318. வாய் ஓயாத மனுஷி. "இத்தன வருஷம் என் நம்பர நான் கெடுக்கல. இவ கெடுத்தா என்கிட்ட சொல்லுங்க, வெளக்குமாத்தால வெளுக்கறேன்" என்று மகளை முன்னால் தள்ளினார். ரோஸ்லினுக்கு என் வயதுதான் இருக்கும். தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு நம்பருக்கு ஓர் அட்டைதான். முன்பக்கம் தொழிலாளியின் பெயர், அதற்குக் கீழே ஆகாத மருந்து எழுத ஒரு கட்டம், அதற்குக் கீழே வந்துபோன விவரம். பின்பக்கம் குடும்பத்தார். அங்கே பெயர், உறவு, வயது என்று மூன்று பத்திதான். குடும்பத்தில் யார் வந்தாலும் விவரம் முன்பக்கம்தான் ஏறும். நம்பர் கைமாறினால் பழைய அட்டையைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் புது அட்டை எழுத வேண்டும் என்பது சாரின் விதி.

ஞானம்மாளின் பழைய அட்டையில் அந்தக் கட்டத்துக்குள் சிவப்பு மையில் "பென்சிலின் ஆகாது" என்று எழுதியிருந்தது. பல வருடங்களுக்கு முன் ஓர் ஊசிக்குப் பிறகு அவர் மயங்கி விழுந்து, பிழைத்ததே பெரிய விஷயமாகி, டாக்டர் தம் கையால் எழுதியது. நான் ரோஸ்லினுக்குப் புது அட்டை எழுதினேன். முன்பக்கம் ரோஸ்லின். பின்பக்கம் ஞானம்மாள், தாய், வயது. எழுதி முடித்துவிட்டுச் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன். எங்கே எழுதுவது? முன்பக்கக் கட்டத்தில் எழுதினால் அது ரோஸ்லினுக்கு ஆகாது என்று ஆகிவிடும். பின்பக்கத்தில் அதற்குப் பத்தி இல்லை. சாரிடம் கேட்க எழுந்தேன். அவர் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. அப்புறம் கேட்கலாம் என்று பேனாவை மூடினேன். பழைய அட்டை கட்டோடு பரணுக்குப் போய்விட்டது. நான் கேட்கவே இல்லை.

கொஞ்ச நாளில் ரோஸ்லினுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. கம்பவுண்டர் கிருஷ்ணசாமி சோதனை ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, "பென்சிலின். டெஸ்ட் சரி" என்று அட்டையில் எழுதினார். யாருக்கு என்று எழுதவில்லை. எழுத இடமும் இல்லை.

கிருஷ்ணசாமி முதலமடைப் பக்கத்துக்காரர். எல்லாரிடமும் '-ங்க' போட்டுத்தான் பேசுவார். லயத்துப் பெண்கள் அவரைப்போல் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். அவருக்கும் அது பிடிக்கும்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை. விறகு வெட்டும்போது காலில் பட்ட காயம் சீழ் பிடித்து ஞானம்மாள் நொண்டிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை கூட்டம் வாசல்வரை நிற்கும். டாக்டர் அன்றைக்கு எஸ்டேட்டின் இன்னொரு டிவிஷனுக்குப் போயிருந்தார். சார் உள்ளே மருந்துப் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஞானம்மாள் நம்பரைச் சொன்னார். 318 அட்டையை எடுத்துக் கிருஷ்ணசாமியிடம் கொடுத்தது நான்தான்.

"என்னங்க ஆத்தா, வெறகுக்குப் பதிலா காலை வெட்டிட்டீங்களா?"

"ஆமாய்யா, அடுப்புல வைக்கலாம்னு பாத்தேன். எலும்புதான் கெடக்கு, எரியாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் காயத்தைக் கழுவினார். "ஊசி ஒண்ணு போட்டுடலாமுங்க."

"போடுங்க. ஆனா எனக்கு ஒரு ஊசி ஆகாதுன்னு பழைய டாக்டரு சொல்லியிருக்காரு. பேரு யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒங்க அட்டையில எழுதியிருக்கும், பாத்துக்கிடுங்க."

அவர் அட்டையைப் பார்த்தார். கட்டம் காலியாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். "ஆகாதுன்னு ஒண்ணும் இல்லீங்களே ஆத்தா. பென்சிலின் டெஸ்ட் சரின்னு நானே எழுதியிருக்கேனுங்க. அது வேற ஏதோ ஊசியா இருக்கும்."

"அட்டையில இருந்தா சரிதான்" என்றார் ஞானம்மாள்.

எனக்கு அது காதில் விழுந்தது. அந்தச் சிவப்பு எழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அது 318-தானா, வேறு அட்டையா என்று ஒரு சந்தேகம். எழுந்து நின்றேன். "பொறுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு பேருக்கு முன்னால், தப்பாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று வாய் வரவில்லை. பழைய அட்டையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு வந்து சொல்லலாம் என்று பின்னறைக்கு ஓடினேன். ஏணியைப் போட்டு, பரணில் ஏறி, கட்டை அவிழ்த்து, அட்டையை எடுத்தேன். 318-தான். கீழே இறங்கும்போதே வெளியில் பெண்கள் கத்தும் சத்தம் கேட்டது.

பெஞ்சுக்குக் கீழே கிடந்தார். உதடெல்லாம் வீங்கி, மூச்சு விசில்போல இழுத்தது. கிருஷ்ணசாமி மாற்று ஊசி போட்டார், நெஞ்சை அழுத்தினார், "ஆத்தா, என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டரை அழைத்துவர ஜீப் கிளம்பும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

என் கையிலிருந்த அட்டையைச் சார்தான் வாங்கினார். சிவப்பு எழுத்தைப் படித்தார். புது அட்டையில் என் ஒப்பையும் பார்த்தார். பிறகு இரண்டு அட்டைகளையும் கொண்டுபோய்த் தம்முடைய மேசையில் கவிழ்த்து வைத்தார். என் மேசைக்கு வரவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. சோதனை ஊசி போடாதது கம்பவுண்டரின் தவறு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அட்டை எழுதும் முறை தம்முடையது என்று சார் சொல்லிப் பார்த்தார். அதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. கிருஷ்ணசாமியை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. அவரே நின்றுகொண்டார். இனி ஊசியைத் தொடமாட்டேன் என்றார். ஊரில் அண்ணனோடு மாங்காய் மண்டியில் சேர்ந்துகொள்வதாகச் சொல்லி விடைபெற வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அன்னைக்கு நீங்க எதுக்குங்க ஏணியில ஏறுனீங்க?"

நான் இழுப்பறையை இழுத்து அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன். "சரிங்க, வர்றேனுங்க" என்று போய்விட்டார். அவருக்குப் பதில் எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். விலாசம்கூட வாங்கி வைத்திருந்தேன்.

அதற்கடுத்த மாதங்களில் சாரும் நானும் எல்லா அட்டைகளையும் மாற்றி எழுதினோம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். செக்ரோல் நம்பர் என்பது ஒரு வேலையின் நம்பர். அதில் இன்றைக்கு ஓர் ஆள் இருப்பார், நாளைக்கு இன்னொருவர். அதை ஆளின் அடையாளமாக வைத்தால் ஒருவரின் உடம்பு இன்னொருவருக்குப் போய்விடும். நாங்கள் ஆளுக்கு ஓர் அட்டை போட்டோம். தொழிலாளி, பிள்ளை, கிழவர் என்ற வித்தியாசம் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் தனி நம்பர். அந்த நம்பருக்கு எந்த அர்த்தமும் கிடையாது. லயமும் தெரியாது, வேலையும் தெரியாது. செத்தாலும் அது அவருடையதுதான், வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. வேலைக்குத் தனி நோட்டு, வீட்டுக்குத் தனி நோட்டு, இரண்டிலும் ஆளின் நம்பர் மட்டும். ஆகாத மருந்து ஆளின் அட்டையில்தான் இருக்கும். ஊசி போட்டால் அந்த வரியில் ஆளின் நம்பர் இல்லாமல் எழுதக்கூடாது. உங்கள் மெஷினால் முடியுமென்றால், நம்பர் இல்லாத வரியை அது ஏற்காதபடி செய்துவிடுங்கள். மனுஷரை நம்பி விடாதீர்கள். நான் மனுஷிதான்.

லயத்தில் இதற்குப் பெரிய எதிர்ப்பு.

"புது நம்பரா? வீட்ட புடுங்கப் போறீங்களா?"

"இல்லக்கா, வேலை நம்பர் அப்படியே இருக்கும். இது ஆஸ்பத்திரிக்கு மட்டும்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு நம்பரு எதுக்குடி? எனக்கு ஒரு புருசனே ஞாபகத்துல நிக்க மாட்டேங்கான்."

இப்படிச் சிரித்தும் திட்டியும் ஒவ்வொருவராக வந்து எழுதிக்கொண்டார்கள். ரோஸ்லின் மட்டும் வரவில்லை. ஆள் அனுப்பினோம். கடைசியில் ஒரு நாள் மத்தியானம், கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய மழைப்படுதாவின் ஈரத்தோடு வந்து நின்றாள்.

"318-ஐ மாத்த மாட்டீங்கள்ல?"

"மாத்த மாட்டோம். அது ஒன் வேலை நம்பர்."

அவளுக்கு ஓர் அட்டை எழுதினேன். எழுதி முடித்தும் போகாமல் நின்றாள். "அம்மாவுக்கு?"

சாரைப் பார்த்தேன். எழுது என்று தலையை ஆட்டினார். செத்தவர்களுக்கு அட்டை எழுதுவது எங்கள் முறையில் இல்லை. ஞானம்மாளுக்கு ஒரு நம்பர் போட்டேன். பெயர், பிறந்த வருடம், இறந்த தேதி. ஆகாத மருந்துக் கட்டத்தில் சிவப்பு மையால் எழுதினேன். ரோஸ்லினுக்குப் படிக்கத் தெரியாது.

"செவப்புல என்னக்கா எழுதறீங்க?"

"பென்சிலின் ஆகாதுன்னு."

"இத மொதல்லயே எழுதியிருக்கலாம்ல."

"எழுதித்தான் இருந்தது ரோஸ்லின். நான்தான் கட்டிப் பரண்ல போட்டேன்."

அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். "எனக்கு நம்பரு குடுத்த அன்னைக்கு எங்கம்மா அவ்வளவு சந்தோசமா இருந்தா" என்றாள். அவ்வளவுதான். படுதாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறிப்போனாள்.

அதற்குப் பிறகு ரோஸ்லின் ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை. காய்ச்சலுக்கு வரவில்லை, பிரசவத்துக்கும் வரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் லயத்திலேயே பெற்றாள். அதில் ஒன்று தங்கவில்லை என்று மற்ற பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வேலையை விடுவதற்கு முந்தின வருடம் புதிதாக வந்த டாக்டர் இழுப்பறைகளைப் பார்வையிட்டார். ரோஸ்லினின் அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பினார். ஒரு வரிகூட இல்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு நோவும் இல்லையே. குடுத்துவச்ச பொம்பளை" என்றார்.

நான் அட்டையை வாங்கி, அதன் இடத்தில் சொருகினேன்.